தேவகனி வாங்கிய பட்டம்

தேவகனி நெய்யூர்க்காரி. அப்பா மிஷன் ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் பொறுப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். இரண்டு பெண்களில் மூத்தவள் குளோரி அடக்கமானவள் என்றும், இளையவள் தேவகனிக்கு வாய் நீளம் என்றும் சபையில் பேச்சு. எம்.காம். முடித்து எம்.ஃபில். சேர்ந்தபோது, குலசேகரம் சந்தையில் ரப்பர் ஷீட் வாங்கும் வியாபாரிகளைப் பற்றி ஆய்வு செய்தாள். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் ரப்பர் வைத்திருப்பவர்கள் பால் வெட்ட முடியாத மழை மாதங்களில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டு, பிறகு அவன் சொன்ன விலைக்கே ஷீட்டைப் போடும்படி ஆவது எப்படி என்பதுதான் விஷயம். எண்பத்திரண்டு வீடுகளுக்கு நடந்து போய்க் கேட்டு எழுதினாள். ஒரு வீட்டில் நாய் கடித்துத் தொடர்ந்து ஊசி போட வேண்டிவந்தது. 1995இல் அந்த ஆய்வேடு திருநெல்வேலிப் பல்கலைக்கழக நூலகத்தில் ஏறியது. மறு வருஷம் அவளுக்கும் ஜெபதாஸுக்கும் கல்யாணம்.

ஜெபதாஸும் வணிகவியல் ஆசிரியர்தான். திருவட்டாறு போகிற சாலையில், ரப்பர் தோட்டம் ஒன்றை அழித்துக் கட்டிய தனியார் கல்லூரியில் இருவருக்கும் வேலை. அவர் துறைத்தலைவர், அவள் விரிவுரையாளர். 2004இல் முதல்வர் நாற்காலி காலியானபோது கல்லூரி முதலாளி வைகுண்டராஜன் ஜெபதாஸைக் கூப்பிட்டு, பேருக்கு முன்னால் ஒரு டாக்டர் இருந்தால் போர்டில் எழுத நன்றாக இருக்கும் என்று சொல்லியனுப்பினார். நாகர்கோவிலில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் முத்துநாயகம் அதற்கு வழி வைத்திருந்தார். வரைபடத்தில் விரலை வைத்தால் விரலுக்குள் மறைந்துபோகும் ஒரு தீவில் இருக்கும் பல்கலைக்கழகம். வணிக மேலாண்மையில் முனைவர் பட்டம். போக வேண்டாம், படிக்க வேண்டாம். நூறு பக்கத்துக்கு ஆய்வேடு ஒன்று மட்டும் கொடுத்தால் போதும்.

ஜெபதாஸ் அலமாரியைத் திறந்து தேவகனியின் எம்.ஃபில். ஏட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

“இத கொஞ்சம் நீட்டி எழுதினா போதும்.”

“அது எனக்கதுல்லா.”

“கல்யாணம் கழிஞ்சு எட்டு வருசம் ஆச்சு. இப்ப வந்து ஒனக்கது எனக்கதுன்னு பேசுதியா?”

பத்தொன்பது நாளில் அவளே தட்டச்சு செய்து கொடுத்தாள். ஏன் செய்தாள் என்று பிற்பாடு அவளைக் கேட்டவர்கள் உண்டு. புருஷன் முதல்வரானால் வீட்டுக்கு நல்லதுதானே என்று அன்றைக்கு நினைத்தாள், அவ்வளவுதான். அட்டவணைகளில் இருந்த ஷீட் விலை பத்து வருஷத்துக்கு முந்தியது, அதையாவது மாற்றிப் போடலாமே என்று சொல்லிப் பார்த்தாள். “யாரு பாக்கப்போறா” என்றார் அவர். அடுத்த வருஷம் சென்னையில் ஒரு ஹோட்டலில் பட்டமளிப்பு. சிவப்பு அங்கியும் குஞ்சம் வைத்த தொப்பியுமாக ஜெபதாஸ் நிற்கும் படம் வீட்டு முன்னறையில் ஏறியது. அதன் கீழே கண்ணாடி அலமாரியில் தங்க எழுத்துப் பதித்த அந்த ஆய்வேடு. முதல்வர் நாற்காலியும் கிடைத்தது.

அந்தப் பட்டம் எதற்கும் உதவாது என்பது 2009இலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆய்வு மாணவர்களுக்கு நெறியாளராக இருக்க அனுமதி கேட்டு அவர் எழுதிய விண்ணப்பம், ‘தங்கள் பட்டம் அங்கீகரிக்கப்பட்டதல்ல’ என்ற ஒரு வரியோடு திரும்பி வந்தது. அந்தக் கடிதத்தைத் தன் பனியன்களுக்கு அடியில் வைத்தார். துணி மடித்து வைக்கிற தேவகனி அதைப் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

2012 ஜூனில் பல்கலைக்கழகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ இல்லாத ஆசிரியர்களுக்கு இனி ஒப்புதல் கிடையாது. ஆசிரியர் கூட்டத்தில் ஜெபதாஸ் அதை வாசித்து, தகுதியில்லாத பதினோரு பேரின் பெயர்களையும் வாசித்தார். நாலாவது பெயர் தேவகனி. வாசிக்கும்போது குரலில் ஒரு அசைவும் இல்லை. “ரெண்டு வருசத்துக்குள்ள படிச்சு வந்தா இருக்கலாம். இல்லன்னா நிர்வாகம் வேற ஆளப் பாக்கும். சும்மா சம்பளம் தாறதுக்கு இது தர்மசத்திரம் இல்ல” என்று முடித்தார். எதிரே உட்கார்ந்திருந்த தேவகனிக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. 

உள்ளூரில் பகுதிநேரமாகச் சேரலாம் என்று நெறியாளர்களைத் தேடி அலைந்தாள். ஒருவரிடம் இடமில்லை. ஒருவர் மூன்று வருஷம் கழித்து வரச்சொன்னார். இன்னொருவர் வீட்டில், ஆய்வு மாணவி ஒருத்தி அவருடைய பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். தேவகனி தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கி வந்துவிட்டாள்.

“முத்துநாயகத்த போய்ப் பாரு” என்றார் ஜெபதாஸ். “எனக்குச் செய்த மாதிரி ஒனக்கும் செய்து தருவாரு.”

“உங்களுக்குச் செய்தது எதுக்குப் பிரயோசனப்பட்டுது?”

அவர் செய்தித்தாளைத் திருப்பினார். ஆனாலும் ஒரு சனிக்கிழமை அவள் நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினாள். முத்துநாயகத்தின் அலுவலகத்தில் ஏசி ஓடியது, சுவரில் பல நாட்டுக் கொடிகள் வரிசையாக இருந்தன. அவர் மூன்று விளம்பரத் தாள்களை மேசையில் பரப்பினார். பழைய தீவுப் பல்கலைக்கழகம் இப்போது வேறு பெயரில் இருந்தது. பிலிப்பைன்ஸில் ஒன்று, வருஷத்துக்கு இரண்டு வாரம் போய்வந்தால் போதும். மூன்றாவது முழுக்கக் கணினியிலேயே.

“முழுநேரமா அங்கயே இருந்து படிக்கதுக்கு, செலவு குறைஞ்ச இடம் இருக்கா?” என்று தேவகனி கேட்டாள்.

முத்துநாயகம் கண்ணாடியைக் கழற்றினார். “மேடம், உங்களுக்குப் பட்டம் வேணுமா, படிக்கணுமா?”

“படிக்கணும்.”

“அப்ப எங்கிட்ட எதுக்கு வந்தீங்க? எனக்க நேரத்தையும் கெடுத்து.” தாள்களை அடுக்கி உள்ளே வைத்துக்கொண்டார். “சார் நல்ல மனுசன். ஒரு வார்த்த கேக்கல்ல, வாங்கிட்டுப் போனாரு. நீங்க கேக்க கேள்வியப் பாத்தா குடும்பத்துக்கு ஆவாது.”

அதன்பிறகு அவள் தானே தேடினாள். ராத்திரிச் சோறு முடிந்து மகள் ஜெஸ்பின் படித்து எழுந்ததும் கணினி அவளுக்குக் கிடைக்கும். ஐரோப்பாவில் சில இடங்களில் கட்டணம் குறைவாக இருந்தது, ஆனால் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கட்டாது. மலேசியாவில் வடக்கே கெடா மாநிலத்தில் ஓர் அரசுப் பல்கலைக்கழகம் கண்ணில் பட்டது. வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் உள்ளூர்க்காரரைவிடப் பல மடங்கு, என்றாலும் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தனியார் பல்கலைக்கழகங்கள் கேட்டதைவிடக் குறைவு. வணிக மேலாண்மை முனைவர் பட்டம் அங்கே இரண்டு விதம். தொழிலில் இருப்பவர்களுக்கானது ஒன்று, அதில் வகுப்பு அதிகம், காலம் குறைவு. மற்றது ஆய்வு மட்டும், மூன்று வருஷத்துக்குக் குறையாது. முதலாவது மலிவு. அதையே எடுக்கலாம் என்றுதான் அவளுக்கு ஆசை. ஆனால் திரும்பி வந்தபிறகு, வகுப்பெடுக்க இந்தப் பட்டம் செல்லாது என்று ஒருவன் ஒரு வரி எழுதி அனுப்பினால்?

அவள் கேள்விகளை எழுதிவைத்துக்கொண்டாள். நெறியாளர் நடுவில் வேலையை விட்டுப் போனால் என்ன செய்வது? விசா புதுப்பிக்க எத்தனை நாள்? வேலை செய்ய அனுமதி உண்டா? பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். அவர்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார்கள். அனுமதி இல்லை என்ற பதிலும் அதில் இருந்தது. முத்துநாயகத்தைப்போல யாரும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லாததே அவளுக்கு நம்பிக்கை தந்தது. கடைசியில், வெளிநாட்டுப் பட்டங்களைச் சரிபார்க்கும் டெல்லி அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் போட்டாள். இரண்டில் எதைப் படித்தால் இங்கே செல்லும் என்று கேட்டு.

கல்லூரி முகவரியைக் கொடுத்ததுதான் தப்பாகப் போயிற்று. பதில் உறை முதல்வர் மேசைக்குப் போனது. ஜெபதாஸ் அதை உடைத்து வாசித்துவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தார்.

“எனக்க பட்டத்தப் பத்தி டெல்லிக்கு எழுதினியா?”

“எனக்கதப் பத்தி எழுதினேன். வாசிச்சுப் பாருங்க, உங்க பேரு எங்கயாவது இருக்கா?”

“இருக்காண்டாம். ஒரு வீட்டுலேந்து ஒரு லெட்டர் போனா போதும். இந்தக் கல்லூரிக்காரன் யாரு, இவளுக்க மாப்பிள யாருன்னு தோண்டுவானுவ.”

“தோண்டினா என்ன கெடைக்கும்னு உங்களுக்குப் பயம்?”

அவர் கையை ஓங்கினார், ஆனால் அடிக்கவில்லை. ஓங்கிய கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, “நீ அங்க போய் உண்மையான பட்டம் வாங்கிட்டு வந்து எனக்க பக்கத்துல நிக்கணும். ஊரு ரெண்டையும் வச்சுப் பாக்கணும். அதுக்குத்தானே?” என்றார்.

அதற்காக என்று தேவகனி அதுவரை நினைத்ததில்லை. அவர் சொன்னபிறகு, அதற்காகவும்தான் என்று தோன்றியது. அவள் அதை வாய்விட்டே சொன்னாள். “ஆமா. அப்பிடியே வச்சுக்கோங்க.”

டெல்லிக் கடிதம் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. நேரில் தங்கி முழுநேரமாகப் படித்திருக்க வேண்டும், அந்த நாட்டில் அங்கீகாரம் உள்ள நிறுவனமாக இருக்க வேண்டும், ஆய்வை மதிப்பிட்ட முறையைக் காட்ட வேண்டும் என்று மட்டும் இருந்தது. அவள் ஆய்வுப் பட்டத்துக்கே விண்ணப்பித்தாள். டிசம்பரில் இடம் கிடைத்தது.

வீட்டில் யாரும் அவளுக்குத் துணையில்லை. பதினைந்து வயது ஜெஸ்பின் அப்பா பக்கம். “எனக்கு அடுத்த வருசம் பிளஸ் டூ. மத்த அம்மமாரு டியூசனுக்கு அலையுதாவ. நீங்க ஹாஸ்டல்ல போய் இருக்கப்போறீங்க” என்று சொன்னவள் தன் அறைக் கதவைத் தாழ்போட்டாள். அக்கா குளோரி, அப்பா தந்த எழுபது சென்டு நிலத்தில் நின்ற ரப்பர் மரங்களைத் தேவகனி படிப்புச் செலவுக்காக வெட்டி விற்றதைக் கேட்டுச் சண்டைக்கு வந்தாள். வயதான மரங்கள், பால் வற்றியவை, நிலத்தை விற்கவில்லையே என்று சொன்னதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. சபையில் பெண்கள் ஐக்கியச் சங்கக் கூட்டத்தில் செயலாளர் அம்மாள், வீட்டை விட்டுத் தூரதேசம் போகிற தாய்மாருக்கு ஆண்டவர் நல்ல புத்தியைக் கொடுக்கவேண்டும் என்று கண்ணை மூடி, பெயர் சொல்லாமல் ஜெபித்தாள். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். தேவகனி மட்டும் சொல்லவில்லை.

படிப்பு விடுப்புக்கு முதல்வரின் கையெழுத்து வேண்டும். ஜெபதாஸ் போடவில்லை. அவள் வைகுண்டராஜனிடம் நேரே போனாள்.

“டீச்சர், முதல்வரு போடாத லெட்டர்ல நான் எப்பிடிப் போடுவேன்? அதுவும் புருசன் பொண்டாட்டி விசயம்.” வைகுண்டராஜன் நகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். “உள்ளதச் சொன்னா, உங்க பட்டத்தால எனக்கு என்ன லாபம்? திரும்பி வந்து சம்பளம் கூட்டிக் கேப்பீங்க. பதினஞ்சாயிரத்துக்கு எனக்கு ஆயிரம் பேரு கெடைப்பான்.”

அவள் வேலையை விட்டாள். ஒரு மாதமாக விடுப்புக் கடிதத்தைத் தொடாத ஜெபதாஸ், ராஜினாமாக் கடிதத்தில் அன்றைக்கே கையெழுத்திட்டார். பதினாறு வருஷ வேலைக்கான அனுபவச் சான்றிதழில், நடத்தை நன்று என்று வழக்கமாக எழுதும் வரியை விட்டுவிட்டார்.

2013 பிப்ரவரியில் கெடாவில் இறங்கினாள். வயல், ரப்பர், மழை, எல்லாம் ஊரைப்போலவே இருந்தது. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று முதல் வாரம் எரிச்சல்தான் வந்தது. விடுதியில் எல்லோருக்கும் இருபத்தைந்து வயது, அவளை ஆன்ட்டி என்று கூப்பிட்டுத் தங்கள் பாத்திரங்களை அவளிடம் விட்டுப் போனார்கள். இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் பாத்திரங்களை அப்படியே அவர்கள் கட்டில்மேல் கொண்டுபோய் வைத்தாள். பிறகு யாரும் ஆன்ட்டி என்று கூப்பிடவில்லை. பேசவும் இல்லை.

நெறியாளர் ஒரு மலாய் அம்மாள், தேவகனியைவிட நாலு வயது இளையவர். முதலில் கொடுத்த இருபது பக்கத்தில் ஐந்தை வாசித்துவிட்டுத் திருப்பித் தள்ளினார். “இது அரசாங்க அறிக்கை. இதில் உன் கேள்வி எங்கே?” என்றார். தேவகனி அறைக்கு வந்து அழுதாள், பிறகு கோபத்தோடு உட்கார்ந்து எழுதினாள். அதுவும் திரும்பி வந்தது. ஏழாவது முறைதான் அந்த அம்மாள் தாளை வாங்கி வைத்துக்கொண்டார். குலசேகரத்துச் சிறு விவசாயியும் கெடாவின் சிறு விவசாயியும் வியாபாரியிடம் மாட்டிக்கொள்கிற விதத்தை ஒப்பிடுவதுதான் ஆய்வு. குலசேகரத்துப் பகுதிக்கு, கையோடு கொண்டுவந்திருந்த தன் எம்.ஃபில். ஏட்டையே எடுத்துக்கொண்டாள். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் உட்கார்ந்து கம்பம் கம்பமாக, அதாவது ஊர் ஊராகப் போனாள். கை ஒட்டும் ரப்பர் பாலின் வாடை அங்கேயும் அதே வாடைதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜெஸ்பினை அழைத்தால், ம் என்பதற்குமேல் பதில் வராது.

2015 கடைசியில் ஆய்வேடு முடிந்து, நகலெடுத்து எழுதியதா என்று பார்க்கும் கணினிச் சோதனைக்குப் போனது. மறுநாள் நெறியாளர் கூப்பிட்டார். மேசைமேல் தாள்கள். நூற்றுக்கு முப்பத்தொரு பங்கு வேறொரு நூலிலிருந்து எடுத்தது என்று வந்திருந்தது. நூலாசிரியர் பெயர் டாக்டர் ஜெபதாஸ். தீவுப் பல்கலைக்கழகம் தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ள, கொடுத்த பட்டங்களின் ஆய்வேடுகளையெல்லாம் இணையத்தில் ஏற்றி வைத்திருந்தது.

“யார் இது?”

“என் கணவர்.”

“கணவருடைய ஆய்வை எடுத்திருக்கிறாய்.”

“இல்லை. அவர் என்னுடையதை எடுத்தார்.”

அந்த அம்மாள் தாள்களை அவள் பக்கம் தள்ளினார். பிறகு, “இருபத்தொரு நாள் இருக்கிறது. நிரூபி. இல்லாவிட்டால் உன்னை அனுப்பிவிடுவார்கள், நான் தடுக்கமாட்டேன்” என்றார்.

அன்று மாலை தேவகனி ஜெபதாஸை அழைத்தாள். ஏறக்குறைய மூன்று வருஷத்தில் அவர்கள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

“நான் ஒரு வரி எழுதித் தரணும். இது எனக்க பெஞ்சாதி எழுதினதுன்னு. அதானே?”

“அவ்வளவுதான்.”

“அத எழுதின பொறவு நான் யாருட்டி?”

“அத நீங்க 2004ல யோசிச்சிருக்கணும்.”

“அப்ப நீ அங்கேந்து நாணங்கெட்டுத் திரும்பி வா. நான் பஸ் ஸ்டாண்டுக்கு வாறேன், கூட்டிட்டுப் போவ” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவள் கையிலிருந்த பிரதியில் முத்திரை இல்லை, நூலகத்தில் கிடக்கும் 1995ஆம் வருஷ ஏடுதான் மிச்சம். அங்கே போய் முத்திரையோடு நகல் வாங்கி அனுப்ப ஒரு ஆள் வேண்டும். குளோரி போனையே எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் மகளிடம் கேட்டாள். ஜெஸ்பின் அப்போது நாகர்கோவிலில் பொறியியல் இரண்டாம் வருஷம். காரணம் எதையும் கேட்காமல், “எந்த வருசம், என்ன தலைப்பு?” என்று மட்டும் கேட்டாள். திருநெல்வேலிக்குப் போய், முதல் நாள் நூலகர் இல்லையென்று திரும்பி, மறுபடி போய் வாங்கினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து முழுவதும் வாசித்தாள். வீட்டில் அப்பா இல்லாத நேரத்தில் கண்ணாடி அலமாரியைத் திறந்து, தங்க எழுத்து ஏட்டையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு அம்மாவை அழைத்தாள்.

“எண்பத்திரண்டு வீடுன்னுதான் அதுலயும் இருக்கு. வெலயெல்லாம் 94ல உள்ளது.”

“சொன்னேன் அவரிட்ட. கேக்கல்ல.”

“இதெல்லாம் டைப் அடிச்சது யாரு?”

“நான்தான் மக்கா.”

“அப்ப அப்பா மட்டும் கள்ளன் இல்ல” என்றாள் ஜெஸ்பின். “நகலு நாளைக்கு கூரியர்ல வரும்.”

தேவகனிக்கு அந்த ஒரு வார்த்தை, நெறியாளர் சொன்னது, ஜெபதாஸ் சொன்னது எல்லாவற்றையும்விட ஆழமாகப் போயிற்று. பல்கலைக்கழகத்தின் விசாரணைக் குழுவுக்கு எழுதிய வாக்குமூலத்தில் அதையும் மறைக்காமல் எழுதினாள். ஆய்வு தன்னுடையது, கணவர் பெயரில் அதைத் தட்டச்சு செய்ததும் தானே என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்த பதினோரு வருஷத்தை ஒன்றரைப் பக்கத்தில் முடித்துக் கையெழுத்துப் போட்டாள். குழு அவள் விளக்கத்தை ஏற்றது, அவளை எச்சரித்து ஒரு கடிதமும் கோப்பில் வைத்தது. பழைய ஏட்டை முறையாகக் குறிப்பிட்டு இரண்டு அத்தியாயங்களை மறுபடி எழுதச் சொன்னது. அதற்கு ஒரு வருஷம் போயிற்று. 2016 நவம்பரில் வாய்மொழித் தேர்வு. மூன்று மணிநேரம் கேள்வி கேட்டார்கள். தேறினாள்.

அதே வருஷம் ஊரில் பல்கலைக்கழக ஆய்வுக்குழு கல்லூரிக்கு வந்து, முதல்வரின் பட்டம் செல்லாது என்று எழுதிவிட்டுப் போனது. அது வழக்கமான சோதனைதான், எல்லாக் கல்லூரிக்கும் போனார்கள். ஆனால் ஜெபதாஸ் அலுவலக மேலாளராகக் கீழிறங்கியதும், மலேசியாவிலிருந்து பெண்டாட்டி எழுதிப் போட்டாள் என்று நெய்யூர் முதல் திருவட்டாறு வரை பேச்சு. தேவகனி 2017 மார்ச்சில் வந்தபோது அவளுடைய துணிகளெல்லாம் மாடியில் சாமான் போடும் அறையில் கிடந்தன. முன்னறைச் சுவரில் அந்தப் படம் அப்படியே இருந்தது.

“சந்தோசமா?” என்றார் ஜெபதாஸ்.

“நான் எழுதல்ல.”

“நீ எழுதல்லன்னா நீ போன போக்கு எழுதிச்சு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

பதினோரு நாள் இருந்தாள். ஒரே அடுப்பில் இரண்டு பேரும் தனித்தனியாகச் சமைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் குழித்துறையில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்டில் டெல்லியிலிருந்து, அவளுடைய பட்டம் செல்லும் என்று சான்று வந்தது. அந்தச் செய்தி எப்படியோ வைகுண்டராஜனுக்கு எட்டி, அவரே போன் செய்தார். முதல்வர் இடம் காலி, ஒழுங்கான டாக்டர் ஒருவர் வேண்டும், எவ்வளவு கேட்டாலும் தருவதாகச் சொன்னார்.

“எனக்க பட்டத்தால உங்களுக்கு லாபமில்லன்னுல்லா சொன்னீங்க?”

“காலம் மாறிப்போச்சு டீச்சர். சாரும் இஞ்சதான் இருக்காரு. குடும்பமா இருக்கலாம்.”

“அவரு எனக்குக் கீழ, இல்லியா?”

வைகுண்டராஜன் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளை முடிவெடுக்க வைத்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஜெபதாஸ் கொண்டுவரும் கோப்புகளில் கையெழுத்திடுவதை அவள் கெடாவில் எத்தனையோ நாள் நினைத்துப் பார்த்ததுண்டு. இப்போது அது கையில் வந்தபோது, போர்டில் எழுதுவதற்கு ஒரு டாக்டர் என்ற அளவுக்குத்தான் தானும் வைகுண்டராஜனுக்கு என்று புரிந்தது. “வரல்ல” என்று சொல்லி வைத்தாள். களியக்காவிளைக்கு அப்பால் கேரளத்தில் ஒரு சிறிய கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தாள். அங்கே அவளைவிட வயது குறைந்தவர் துறைத்தலைவர். அவள் எழுதிய கேள்வித்தாள்களை அவர் திருத்துவார். அவளும் விடாமல் திருப்பித் திருத்துவாள்.

2019இல் ஜெஸ்பினுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் மார்த்தாண்டத்தில் தேன் வியாபாரம். பிரிந்திருக்கும் பெற்றோரைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது பெரிய மனசு. சண்டை வந்தது அழைப்பிதழில். தன் பெயருக்கு முன்னால் டாக்டர் போட வேண்டும் என்று ஜெபதாஸ் சொன்னார், பதினாலு வருஷமாக ஊர் அப்படித்தான் கூப்பிடுகிறது என்று. அப்படிப் போட்டால் தன் பெயரே கார்டில் வேண்டாம் என்றாள் தேவகனி. மகள் மூலமாக ஒரு வாரம் இந்தப் பேச்சு இங்கும் அங்கும் போய்வந்தது. கடைசியில் ஜெஸ்பின் யாரிடமும் சொல்லாமல் அச்சகத்துக்குப் போனாள். ஜெபதாஸ், தேவகனி என்று இரண்டு பெயரையும் மொட்டையாக அடித்துக் கொண்டுவந்துவிட்டாள்.

தேவகனிக்குப் பங்காக அறுபது கார்டுகளைக் குழித்துறை வீட்டில் கொண்டுவந்து வைத்தாள். தேவகனி ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

“ஒனக்கு சமாதானம் வேணும். அதுக்கு அவருக்க கள்ளமும் போவணும், எனக்க நேரும் போவணும். நல்ல நியாயம்.”

“ரெண்டு நாளு கல்யாணம்மா. ரெண்டு பேரும் வாயப் பொத்திட்டு நில்லுங்க போதும்.”

“நாலு வருசம் நான் அங்க கெடந்தேன்.”

“தெரியும். நகலு வாங்கினது நான்தானே.” ஜெஸ்பின் செருப்பை மாட்டினாள். “நீங்க டைப் அடிச்சதும் எனக்குத் தெரியும்.”

தேவகனி மேசையை இழுத்துப் போட்டு, நீல மைப் பேனாவை எடுத்து, அறுபது கார்டிலும் தன் பெயருக்கு முன்னால் முனைவர் என்று எழுதத் தொடங்கினாள். வாசலில் நின்ற ஜெஸ்பின் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள்.

“அப்பாவும் இதத்தான் செய்யப்போறாரு.”

“செய்யட்டும்” என்றாள் தேவகனி, தலை நிமிராமல்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஜெஸ்பின் இறங்கிப் போனாள். தேவகனி மை காய்ந்த கார்டுகளை ஒருபுறமாக அடுக்கிவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.